ஒரே ஓர் ஆட்டம்

2016 ஜூன் மாதம், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கன். பல்கலைக்கழகக் கால்பந்து அணி மொத்தமும் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் ஒரு பெண் பேச வந்திருந்தார். பெயர் பிரெண்டா டிரேசி, தொழில் நர்ஸ். அவரை அழைத்தவர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் மைக் ரைலி. தன்னைச் சீரழித்தவர்களைவிடவும் பல ஆண்டுகள் தான் அதிகம் வெறுத்தது இந்த ரைலியைத்தான் என்று டிரேசி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

காரணம் 1998இல் இருக்கிறது. ரைலி அப்போது ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச். டிரேசிக்கு 24 வயது, இரண்டு ஆண் குழந்தைகளின் தாய். ஓர் அப்பார்ட்மென்டில் நான்கு பேர் தன்னைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்தார். நால்வரும் கைதானார்கள். அவர்களில் இருவர் ரைலியின் ஆட்டக்காரர்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. வழக்கை நடத்தும் தெம்பில்லாமல் டிரேசி பின்வாங்கினார். விஷயம் நீதிமன்றம்வரை போகவே இல்லை. தன் ஆட்டக்காரர்கள் இருவரையும் ரைலி ஓர் ஆட்டத்துக்கு சஸ்பெண்ட் செய்தார். ஒரே ஓர் ஆட்டம். நல்ல பையன்கள்தான், தவறான முடிவு எடுத்துவிட்டார்கள் என்கிற அர்த்தத்தில் பத்திரிகைக்காரர்களிடம் பேசவும் செய்தார். செய்தித்தாளில் வந்த அந்தச் சொற்கள் டிரேசியை விட்டு நீங்கவே இல்லை.

நான் முதன்முதலாக இதைப் படித்தபோது என் மனதில் எழுந்த கேள்வி, ஏன் ஓர் ஆட்டம் மட்டும் என்பதல்ல. இதை முடிவு செய்யும் அதிகாரத்தை ரைலிக்கு யார் கொடுத்தார்கள் என்பதுதான்.

இது நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிய உடல்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம். கல்லூரி மாணவர்கள் ஆடும் இந்த ஆட்டத்துக்கு அங்கே திருவிழாக் கூட்டம் கூடுகிறது. ஆட்ட நாளில் லிங்கனின் மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை, அந்த மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் ஒரு கோச்தான். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கிர்பி ஸ்மார்ட்டுக்கு 2024 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 கோடி டாலர்.

பையனுக்குப் பதினேழு வயது ஆகும்போதே கோச் அவன் வீடு தேடி வருகிறார். கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் மகனை என் மகன்போலப் பார்த்துக்கொள்கிறேன் என்று தாயிடம் வாக்குக் கொடுக்கிறார். அதன்பிறகு அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு எடை தூக்குகிறான் என்பதெல்லாம் கோச்சின் கணக்கில் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானா என்று எட்டிப் பார்த்துச் சொல்லக்கூட ஆள் வைத்திருப்பார்கள். காலை வகுப்புக்கு மட்டம் போட்டது சாயங்காலத்துக்குள் காதுக்கு வந்துவிடும் ஒருவர், சனிக்கிழமை இரவு நடந்தது மட்டும் எனக்குத் தெரியாது என்றால் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரிந்திருந்தும், நல்ல எண்ணத்தோடேயே தவறு செய்த கோச்சும் உண்டு. அதற்கும் அதே லிங்கன் நகருக்குத்தான் போக வேண்டும்.

டாம் ஆஸ்பர்ன் 25 சீசன்கள் நெப்ராஸ்காவின் கோச்சாக இருந்து 255 வெற்றிகளைச் சேர்த்தவர். கல்வி உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் அமைப்பு ஒன்றை மனைவியோடு சேர்ந்து தொடங்கியவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1995இல் அவர் அணியின் ஒளிவிளக்கு லாரன்ஸ் பிலிப்ஸ், பந்தை ஏந்தி ஓடுபவர். செப்டம்பர் 9, மிச்சிகன் ஸ்டேட் அணிக்கு எதிராக 206 கெஜம் ஓடி, நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தார். அணி லிங்கன் திரும்பிய அன்றிரவே, விடிவதற்கு முன், தன் முன்னாள் காதலி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிப்புறமாக ஏறி மூன்றாம் மாடி வீட்டுக்குள் புகுந்தார். அந்தப் பெண்ணை அடித்துப் படிக்கட்டு வழியாகக் கீழ்வரை இழுத்து வந்தார்.

பிலிப்ஸை அணியிலிருந்து நீக்கிவிட்டதாகத்தான் ஆஸ்பர்ன் முதலில் அறிவித்தார். சில நாட்களில் அது சஸ்பெண்டாக மாறியது. ஆறு ஆட்டங்கள் கழித்து பிலிப்ஸ் மீண்டும் சீருடை மாட்டினார். கலிஃபோர்னியாவில் காப்பகங்களில் வளர்ந்த பையன் அவர். அவர் வாழ்க்கையில் ஒழுங்கு என்று இருப்பது கால்பந்து ஒன்றுதான், அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் எதுவுமில்லை என்றார் ஆஸ்பர்ன். இந்த வாதத்தை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். பிலிப்ஸ் இல்லாத ஆறு ஆட்டங்களையும் நெப்ராஸ்கா ஜெயித்திருந்தது. வெற்றிக்காக மட்டுமே ஆஸ்பர்ன் அவரைத் திரும்ப அழைத்தார் என்பது நியாயமான குற்றச்சாட்டாகாது.

ஆனால் 1996 ஜனவரி 2 அன்று, தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் பிலிப்ஸ் 165 கெஜம் ஓடி மூன்று டச்டவுன் எடுத்தார். நெப்ராஸ்கா 62, ஃப்ளோரிடா 24. கோப்பை ஆஸ்பர்ன் கையில். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய மாணவிதான். அதே வளாகத்தில் நடமாட வேண்டியவர். அவருடைய நாட்களுக்கு ஓர் ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டாமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆஸ்பர்னுக்கு இல்லை. அவர் பிலிப்ஸின் கோச். எவ்வளவு நல்லவரானாலும், தன் பிள்ளை வழக்கில் தகப்பனே தீர்ப்பு எழுதலாமா? பிலிப்ஸாவது கரையேறினாரா என்றால், அதுவும் இல்லை. பிறகும் வன்முறை, மறுபடி மறுபடி கைது, கடைசியில் 31 ஆண்டுச் சிறைத் தண்டனை. 2016 ஜனவரியில், நாற்பது வயதில், கலிஃபோர்னியச் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆஸ்பர்னிடம் இருந்தது ஒரு தனிமனிதரின் பிசகு. டெக்சாஸ் மாநிலம் வேகோ நகரில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் அதுவே நடைமுறையாக இருந்தது. பாப்டிஸ்ட் திருச்சபை வழிவந்த அந்தக் கல்விக்கூடத்தின் அணி, ஆண்டுக்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது. 2008 முதல் கோச் ஆர்ட் பிரைல்ஸ் அதைத் தூக்கி நிறுத்தினார். பிராசஸ் நதிக்கரையில் 26.6 கோடி டாலரில் புது ஸ்டேடியம் எழும்பியது. அது திறக்கப்பட்ட அதே 2014இல்தான், அணியில் இருந்த ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்ததன் முடிவுகள் 2016 மே மாதம் வெளியாயின. புகார்களை உரிய அலுவலகத்துக்கு அனுப்பாமல், பயிற்சியாளர்கள் தாங்களாகவே ‘விசாரணை’ நடத்தியிருந்தார்கள். 2011 முதல் 17 பெண்கள், 19 ஆட்டக்காரர்கள் மீது வன்முறைப் புகார் கூறியிருந்ததாக நிர்வாகக் குழு பின்னர் தெரிவித்தது. பிரைல்ஸின் வேலை போனது. பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரின் பதவியும் போனது.

கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ அமைப்பு, 2021இல் தன் தீர்ப்பைச் சொன்னது. புகார்களைக் கண்டுகொள்ளாத மெத்தனம் பேலர் வளாகம் முழுக்கவே இருந்தது, ஆட்டக்காரர்களுக்கு மட்டும் காட்டிய தனிச் சலுகையாக அதைக் கொள்ள முடியாது, எனவே இந்த விஷயத்தில் தங்கள் விதி எதுவும் மீறப்படவில்லை என்றது. விருப்பமில்லாமல்தான் இந்த முடிவுக்கு வருகிறோம் என்றும் அந்தக் குழு எழுதியிருந்தது. எனக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

ஏனென்றால் அதே விதிப்புத்தகம் வேறோர் இடத்தில் எவ்வளவு கறாராகப் பாய்ந்தது என்று பார்த்திருக்கிறோம். ஒஹாயோ ஸ்டேட் ஆட்டக்காரர்கள் ஐவர், தங்களுக்குக் கிடைத்த பரிசுகளையும் நினைவுப் பொருட்களையும் விற்றார்கள், பச்சை குத்திக்கொள்வதற்கு ஈடாகக் கொடுத்தார்கள். 2010 டிசம்பரில் அவர்களுக்குக் கிடைத்தது ஐந்து ஆட்டத் தடை. அவர்களுடைய கோச் ஜிம் டிரெஸல், தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். இந்த விவகாரம் மாதங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் அவருக்குத் தெரிந்திருந்தது, மறைத்துவிட்டார் என்று அம்பலமாகி, 2011 மே மாதம் பதவி விலகினார். மைதானத்துக்கு வெளியே நடந்ததற்குக் கோச்சைப் பொறுப்பாக்க முடியாது என்பவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது. அதைக் கோச்சின் கையில் விடாமல் வெளியாள் ஒருவர் அமல்படுத்தினார். கோச்சுக்கு எப்போது தெரியும் என்பதை மின்னஞ்சலைத் தோண்டியே கண்டுபிடித்தார்கள். பச்சை குத்தியதற்கு முடிந்தது, ஒரு பெண்ணின் உடலுக்கு ஏன் முடியாது?

ஆங்காங்கே விதிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை வழக்கில் குற்றவாளியானவர்களைச் சேர்ப்பதில்லை என்று இண்டியானா பல்கலைக்கழகம் 2017இல் முடிவெடுத்தது. அங்கே கோச் ஆசைப்பட்டாலும் நடக்காது. 2020இல் என்சிஏஏயும் ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. இத்தகைய புகாரில் தண்டிக்கப்பட்டிருக்கிறோமா என்பதை ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். படித்துவிட்டு அவரை ஆடவிடுவதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்.

ரைலி விஷயத்துக்கு வருகிறேன். 2014இல் டிரேசியின் கதையை ஓரிகன் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியபோது, ரைலி வருத்தம் தெரிவித்தார். டிரேசி தன் அணியிடம் வந்து பேச வேண்டும் என்றும் கேட்டார். பிறகு வேலை மாறி நெப்ராஸ்கா போனார். அந்த அழைப்பை மட்டும் மறக்கவில்லை. 2016 ஜூனில், அணியின் முன் நிற்பதற்கு முன்னால், டிரேசி அவரைத் தனியாகச் சந்தித்தார். மனதில் தேக்கி வைத்திருந்த எல்லாக் கேள்விகளையும் கேட்டார். ஒன்றையும் தட்டிக் கழிக்காமல் ரைலி பதில் சொன்னார் என்று டிரேசி பின்பு எழுதினார். அதற்குள் 18 ஆண்டுகள் ஓடியிருந்தன.