புத்தருக்காக ஒரு மைக்ரோமீட்டர்

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்து, அனுபவப்பட்ட டர்னர் ஒருவரிடம் அவருடைய மைக்ரோமீட்டரை இரவல் கேட்டுப் பாருங்கள். ஸ்பேனரைத் தருவார், சுத்தியலைத் தருவார். அதை மட்டும் தரத் தயங்குவார். கேட்டவர் கீழே போட்டுவிடுவாரோ என்ற பயம் ஒருபக்கம். முரட்டுத்தனமாகத் திருகிவிடுவாரோ என்ற பயம் இன்னொருபக்கம். பெட்டியின் மேல் ‘மிட்டுடோயோ’ என்று எழுதியிருந்தால் தயக்கம் இன்னும் கூடும்.

ஜப்பானில் பல ஹோட்டல் அறைகளில் மேசை இழுப்பறையைத் திறந்தால், பைபிளைப் போலவே ‘புத்தரின் போதனை’ என்ற புத்தகமும் இருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அச்சாகி, பல நாடுகளில் இலவசமாகக் கொடுக்கப்படும் புத்தகம் அது. அந்தப் புத்தகத்துக்கும் டர்னரின் பெட்டியிலிருக்கும் கருவிக்கும் மூலகாரணம் ஒரே மனிதர்தான். பெயர் யேஹான் நுமாட்டா. புத்தகம் போடப் பணம் வேண்டும் என்பதற்காகவே அவர் மைக்ரோமீட்டர் செய்யப் போனார்.

1897-ல் ஹிரோஷிமா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் பிறந்தவர் நுமாட்டா. அந்தக் குடும்பம் சார்ந்த ஜோடோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவில் கோயில் பொறுப்பாளர்கள் திருமணம் செய்துகொள்ளலாம். நம்மூர்க் குருக்கள் வீடுகளைப் போல அங்கேயும் அப்பாவின் பொறுப்பு பிள்ளைக்கு வரும். நுமாட்டா மூன்றாவது மகன். 1916-ல், இருபது வயது நிரம்புவதற்குள், பௌத்தம் பரப்பும் நோக்கத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து மீண்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். புள்ளியியலில் முதுகலை வரை படித்தார்.

மாணவராக இருந்தபோதே, 1925-ல், ‘பசிஃபிக் வேர்ல்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பௌத்தத்தையும் ஜப்பானியப் பண்பாட்டையும் அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்துவது நோக்கம். பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகவே அனுப்பினார். இலவசப் பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? சில ஆண்டுகளில் பணமில்லாமல் நின்றுபோனது. நன்கொடையை நம்பி ஆரம்பித்த காரியம் நன்கொடை நின்ற அன்றே நின்றுவிடும் என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்தது. இனி பிரசாரம் செய்வதென்றால் அதற்குச் சொந்தமாக ஒரு வருமானம் வேண்டும் என்று முடிவெடுத்தார்.

ஊர் திரும்பிச் சில காலம் அரசாங்கத்தில் புள்ளியியல் பணி பார்த்தார். ஜப்பான் அப்போது வேகவேகமாகத் தொழிற்சாலைகளைக் கட்டிக்கொண்டிருந்தது. எந்திரங்களும் அவற்றின் பாகங்களும் உள்ளூரிலேயே தயாராகின. ஆனால் பாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோமீட்டர் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரித்தாலும் அளந்துதானே ஆகவேண்டும்? கார் விற்பனை படுத்தாலும் தையல் மெஷின் விற்பனை ஏறும். இரண்டுக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். நுமாட்டா அதைத் தேர்ந்தெடுத்தார். 1934 அக்டோபரில் டோக்கியோவில் ஒரு சிறிய ஆய்வகத்தோடு மிட்டுடோயோ ஆரம்பமானது. முதல் மைக்ரோமீட்டர் விற்பனைக்கு வந்தது 1937-ல்.

ஒரு கைக்கருவியைச் செய்து கடைக்கு அனுப்ப மூன்று ஆண்டுகளா என்று தோன்றலாம். அந்தக் கருவியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியின் தடிமனை அளக்கப் பயன்படும் திருகு அளவிதான் அது. பட்டறை மைக்ரோமீட்டரில் திருகின் ஒரு முழுச் சுற்றுக்கு முனை அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள். ஆக ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஏறக்குறைய ஏழு கோடு தடிமன் வரும். கண்ணுக்கே தெரியாத நகர்வை விரல் நுனியின் பெரிய சுழற்சியாக மாற்றிக் காட்டுவதுதான் திருகின் வேலை. பிரான்சில் ழான் லோரான் பால்மர் இந்த அமைப்புக்கு 1848-ல் காப்புரிமை வாங்கினார். 1867-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்க பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனிக்காரர்கள் ஊருக்குப் போய்த் தாங்களும் தயாரித்து, பட்டறை பட்டறையாகக் கொண்டுசேர்த்தார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செய்வதுதான் கஷ்டம்.

திருகின் புரிகள் முதலிலிருந்து கடைசிவரை ஒரே இடைவெளியில் இருக்கவேண்டும். எங்கேயாவது இரண்டு புரிகளுக்கு நடுவே ஐந்து மைக்ரான், அதாவது அரைக் கோடு, கூடினால், கருவி அந்த இடத்தைத் தாண்டியதும் பொய் சொல்லும். அதுவரை உண்மை பேசும். அளப்பவருக்குச் சந்தேகமே வராது. தேயாமல் இருக்க எஃகைச் சூடேற்றிக் கடினப்படுத்தவேண்டும். கடினப்படுத்தும்போது எஃகு லேசாக வளையும். அதனால் கடினமான பிறகு புரியை மறுபடி கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவரவேண்டும். பொருளைக் கவ்வும் இரண்டு முகங்களும் தட்டையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தாகவேண்டும். அதைச் சோதிக்க, துல்லியமாக மெருகேற்றிய கண்ணாடி வில்லை ஒன்றை முகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். முகத்தில் மேடுபள்ளம் இருந்தால் வண்ணப் பட்டைகள் தோன்றும். ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 0.3 மைக்ரான் கணக்கு. முடிவாகத் தீர்ப்புச் சொல்வது இரும்பின் மேல் விழும் வெளிச்சம்தான்.

இவ்வளவு செய்தும் அளப்பவரின் கை கெடுத்துவிடலாம். ஒருவர் அழுத்தித் திருகுவார், இன்னொருவர் தொட்டும் தொடாமலும் விடுவார். ஒரே பொருளுக்கு இரண்டு அளவு வரும். அதனால்தான் பின்முனையில் ராட்செட் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் போனால் அது ‘டிக் டிக்’ என்று தனியே சுற்றும், திருகு மேற்கொண்டு நகராது. வளைந்த சட்டத்தின் இருபுறமும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருப்பது அழகுக்கு அல்ல. உள்ளங்கைச் சூடு எஃகுக்குப் போகாமல் தடுப்பதற்கு.

சூடு விஷயம் நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். தொழிற்சாலை அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் அளவு என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதி, 1931-ல் வந்தது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்குப் பதினொன்றரை மைக்ரான் நீளும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு ஜாப், சித்திரை வெயிலில் 35 டிகிரிக்குப் போனால் 17 மைக்ரான் வளர்ந்திருக்கும். பத்து மைக்ரானுக்குள் வேலை கேட்கும் வாடிக்கையாளரிடம் அந்த ஜாப் ரிஜெக்ட் ஆகும். துல்லிய வேலை நடக்கும் இடங்களில் மனிதர்களுக்காக இல்லாமல் இரும்புக்காக ஏசி போடுவது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானியத் தொழில் தரைமட்டமாகிக் கிடந்தது. மிட்டுடோயோவும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. 1949-ல் வெர்னியர் காலிப்பர் தயாரிப்பில் இறங்கியது. வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவுக்குத் துல்லியமானது அல்ல. அளக்கும் தாடைகள் ஓரிடத்தில், அளவுகோல் வேறொரு வரிசையில். தாடை இம்மியளவு சாய்ந்தாலும் அளவு பிசகும். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் எர்னஸ்ட் அபே 1890-லேயே சொல்லிவைத்தார். மைக்ரோமீட்டர் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. வெர்னியர் அதை மீறுவது. ஆனால் வெளி அளவு, உள் அளவு, ஆழம் மூன்றையும் ஒரே கருவியில் சட்டென்று பார்க்கலாம் என்பதால் பட்டறைக்காரர்களின் கை முதலில் போவது வெர்னியருக்குத்தான்.

காலமும் கைகொடுத்தது. 1950-ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்கு வந்து தரக் கட்டுப்பாடு பற்றி உரைகள் நிகழ்த்தினார். செய்து முடித்த பொருளில் நல்லது கெட்டது பொறுக்குவதைவிட, செய்யும்போதே அளந்து, அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிப்பது மேல் என்பது அவர் வாதம். ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கண்காணிப்பாளரிடம் மட்டும் இருந்த அளவுக் கருவி ஒவ்வொரு தொழிலாளியின் மேசைக்கும் தேவைப்பட்டது. புள்ளியியல் படித்த ஒருவரின் கம்பெனிக்கு இதைவிட நல்ல சந்தை அமையுமா? பின்னாளில் அந்தக் கம்பெனியின் டிஜிட்டல் காலிப்பர்களில், பொத்தானை அழுத்தினால் அளவைக் கம்பி வழியே அனுப்பிச் சராசரியையும் விலகலையும் அச்சிட்டுத் தரும் வசதி வந்தது.

1963-ல் அமெரிக்காவில் கிளை நிறுவனம் தொடங்கியது. எந்த நாட்டிலிருந்து மைக்ரோமீட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்களோ அந்த நாட்டுக்கே விற்கப் போனார்கள். பணம் சேரச் சேர நுமாட்டா தன் பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கினார். 1965-ல் புக்கியோ தெண்டோ கியோகாய் என்ற பௌத்தப் பிரசாரச் சங்கத்தை நிறுவினார். ஹோட்டல் அறைப் புத்தகங்கள் அந்தச் சங்கத்தின் வேலை. சீன மொழி பௌத்தத் திருமுறைகளின் பெருந்தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவரும் திட்டம் 1982-ல் ஆரம்பமானது; இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் படித்த பெர்க்லி உட்பட ஹார்வர்ட், சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களில் அவர் பெயரில் பௌத்தவியல் இருக்கைகள் ஏற்பட்டன. ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஒரு பௌத்தக் கோயிலும் எழுந்தது. 1994-ல், 97 வயதில் நுமாட்டா காலமானார்.

அவர் போன பிறகு நடந்தது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

மிட்டுடோயோ 1968 முதல் முப்பரிமாண அளவை எந்திரங்களையும் செய்துவருகிறது. பட்டறை மொழியில் சிஎம்எம். கருங்கல் மேசையில் பொருளை வைத்தால், மாணிக்கக் குண்டு பொருத்திய ஊசி ஒன்று அதை அங்கங்கே தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும். கார் என்ஜினுக்கு இது எவ்வளவு அவசியமோ, யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜுக்கும் அவ்வளவு அவசியம். அசுர வேகத்தில் சுற்றும் அந்த உருளையில் சில மைக்ரான் பிசகினாலும் அது சிதறிவிடும். எனவே குறிப்பிட்ட துல்லியத்துக்கு மேற்பட்ட சிஎம்எம்களை ஏற்றுமதி செய்ய ஜப்பானில் அரசு அனுமதி வேண்டும்.

2003 இறுதியில் லிபியா தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. சோதிக்கப் போன சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் அங்கே ஒரு மிட்டுடோயோ எந்திரத்தைக் கண்டார்கள். 2001-ல் அனுமதியில்லாமல் மலேசியாவுக்கு அனுப்பிய எந்திரங்களில் அது ஒன்று என்பது விசாரணையில் தெரிந்தது. 2006 ஆகஸ்டில் கம்பெனித் தலைவர் உட்பட உயர் அதிகாரிகள் கைதானார்கள். எந்திரத்தின் துல்லியத்தை உள்ளதைவிடக் குறைவாகக் காட்ட ஒரு மென்பொருளையே எழுதி வைத்திருந்தார்கள் என்பது வழக்கின் மையம். குறைந்த துல்லியம் என்று காகிதத்தில் இருந்தால் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அளவை நம்பச் சொல்லி விற்ற கம்பெனி, தன் எந்திரத்தின் அளவையே திரித்துச் சொன்னது. அதுவும் ஹிரோஷிமாக்காரர் தொடங்கிய கம்பெனி. 2007-ல் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து அபராதம் விதித்தது. அரசு ஏற்றுமதித் தடையும் போட்டது.

அதன் பிறகும் கருவிகளின் மேலிருந்த நம்பிக்கை குறையவில்லை. இன்று அந்தப் பெயருக்கு இருக்கும் பெரிய தொல்லை போலிகள்தான். பெட்டி, எழுத்து, வரிசை எண் எல்லாம் அச்சு அசலாக இருக்கும் டூப்ளிகேட் காலிப்பர்கள் கடைத்தெருவிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆகையால் வாங்குகிறவர்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. தாடைகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒளி கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, அளவு உறுதியாகத் தெரிந்த எஃகுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ்களை எடுத்து, சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று மூன்று நான்கு இடங்களில் சரிபார்ப்பார்கள். போலி, பூச்சியத்தில் பெரும்பாலும் சரியாகவே நிற்கும். நீளம் போகப் போகத்தான் மாட்டிக்கொள்ளும்.

ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு பதிவேடே இருக்கிறது. ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் தனி எண் கொடுத்திருப்பார்கள். குறித்த காலத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, கேலிபரேஷன் சான்றிதழ் வாங்கி, அடுத்த தேதியைக் கருவியின் மேலேயே ஒட்டிவைப்பார்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். தேதி தாண்டியிருந்தால், கருவி எந்தக் கம்பெனி என்று அவர் கேட்கப்போவதில்லை. அதை வைத்து அளந்த லாட் மொத்தத்தையும் மறுபடி அளக்கச் சொல்வார்.