உயர்தரத்துக்கு என்ன பாடம்? படிவத்தை நிரப்பும் முன் பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். "எத்தனை ஏ?" என்று பல நாட்களுக்கு விசாரிப்பார்கள். "எந்தத் துறை?" என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பின்னேரத்தில் முடிவு வந்துவிடும். மாமா ஒன்று சொல்வார், ரியூசன் சேர் இன்னொன்று சொல்வார், பிள்ளை தன் கூட்டாளி எடுக்கும் பாடத்தையே கேட்கும். அடுத்த நாள் படிவம் பாடசாலைக்கு வந்து சேரும்.

கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து இருபது வருடங்களாகக் கற்பிக்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் படிவத்தில் பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பது மட்டுமல்ல, எந்தப் பட்டப்படிப்புக்கு இனி விண்ணப்பிக்க முடியாது என்பதும் முடிவாகிறது.

அண்மையில் ஒரு வாப்பா வந்தார். "மகன இன்ஜினியராக்கணும் சேர். அதான் டெக்னோலொஜியில போட்டன்" என்றார். 2013 இல் தொடங்கிய தொழில்நுட்பத் துறை நல்ல துறைதான். அதற்கெனத் தனியான தொழில்நுட்பப் பட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் படிக்க இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பெயரில் 'பொறியியல்' இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. படிவம் ஏற்கும் காலம் முடியவில்லை என்பதால் அவரது மகன் தப்பினான்.

உயிரியல் துறையிலும் இதே கதை நடக்கிறது. பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கிறார்கள். விவசாயப் பட்டத்தை விரும்பும் பிள்ளைக்கு அது பொருத்தமானது. ஆனால் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலும் கட்டாயம். டொக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு இதை யாரும் முதலே சொல்வதில்லை.

"இலகுவான பாடம் எடுத்தால் கூடிய புள்ளி வரும்" என்ற நம்பிக்கையும் சரியல்ல. 2001 முதல் அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில்தான் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அதே பாடத்துக்குத் தோற்றிய மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையே அது காட்டுகிறது. எல்லோரும் அள்ளும் பாடத்தில் 75 எடுப்பதை விட, பலர் தடுமாறும் பாடத்தில் 65 எடுப்பது கூடிய பலன் தரலாம். ஆகவே இலகுவான பாடம் எது என்று தேடாமல், பிள்ளைக்கு உண்மையில் ஓடும் பாடம் எது என்று பாருங்கள்.

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம்மவர் பகுதிகளில் பல பாடசாலைகள் 1C தரத்தவை. அங்கே கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. விஞ்ஞானம், கணிதம் படிக்க 1AB பாடசாலைக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். பெண் பிள்ளை என்றால், "பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உள்ளதைப் படிக்கட்டும்" என்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ எடுத்தாள். 1AB பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வாப்பா சம்மதிக்கவில்லை. அவள் கலைத்துறையில் சேர்ந்தாள். கலைத்துறை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. விரும்பி எடுப்பவருக்கு அது சிறந்த துறை. அவள் விரும்பி எடுக்கவில்லை என்பதே பிரச்சினை. இன்று அவள் தங்கைக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுக்கிறாள், தானாக வாசித்து. அன்று நான் அந்த வாப்பாவைப் போய்ச் சந்தித்திருக்கலாம். "வீட்டு விடயம்" என்று இருந்துவிட்டேன். அது என் தவறு.

ஆகவே படிவத்தை நிரப்பும் முன் மூன்று வேலைகள் செய்யுங்கள். முதலாவது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாந்தம் வெளியிடும் அனுமதிக் கைநூலைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். தமிழிலும் கிடைக்கிறது. விரும்பும் பட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்கு வேண்டிய பாடங்களுக்குப் பின்னோக்கி வாருங்கள். இரண்டாவது, உங்கள் மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளிகளைப் பாருங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் ஒரு பகுதி அகில இலங்கைத் திறமையிலும், பெரும் பகுதி மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுவதால், அடுத்த மாவட்டத்தின் புள்ளி உங்களுக்குப் பொருந்தாது. மூன்றாவது, முதல் விருப்பம் கைகூடாவிட்டால் அதே பாடங்களால் வேறு எங்கே போகலாம் என்று கேளுங்கள். மருத்துவம் தவறினாலும் தாதியியல், மருந்தகவியல், பிசியோதெரபி என்று பட்டங்கள் இருக்கின்றன.

படிவத்தைப் பிள்ளையே தன் கையால் நிரப்பட்டும். நாம் பக்கத்தில் இருந்து தகவல் சொல்வோம். தூரம்தான் தடை என்றால், ஒரே ஊரின் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேன் ஒழுங்கு செய்ய பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் முன்வர முடியாதா? ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பேசினால் முடியும் காரியம் இது.