தெளிநீரும் வண்டலும்

சாயப் பட்டறைக் குறிப்புக்களிலும் பயிர்மருந்துக் குறிப்புக்களிலும் 'தெளிநீர்' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. அதன் பொருளைத் திட்டமாக அறியாவிடில் நூலும் கெடும், பயிரும் கெடும். ஆதலின் அங்கத்தினர்கள் பொருட்டு அதனை இங்கே விளக்குகிறோம்.

கரையாத துகள்கள் கலந்த திரவத்தை அசையாது வைத்தால், கனமான துகள்கள் அடியில் தங்குகின்றன. அது வண்டல். அதன்மேல் தெளிந்து நிற்கும் திரவமே தெளிநீர். ரசாயன நூலார் இதனைச் 'சூப்பர்நேட்டன்ட்' என்பர். 'மேலே மிதப்பது' என்பது அந்த லத்தீன் சொல்லின் பொருள். ஆயினும் நீரின்மேல் எண்ணெய் மிதப்பது வேறு. அவை ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்கள். துணியிலிட்டு வடித்தெடுப்பது வடிநீர், அதுவும் வேறு. வண்டல் கலங்காதபடி பாத்திரத்தை மெல்லச் சாய்த்துத் தெளிநீரைப் பிரிப்பதற்கு இறுத்தல் என்று பெயர்.

தெளிநீர் பார்வைக்கு நீர்போல் இருப்பினும் வெறும் நீரன்று. சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு குழலால் ஊதிப் பாருங்கள். அது பால்போல் வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு அதிற் கரைந்திருப்பதே காரணம்.

நூலை வெளுக்கும் நெசவாளர், பிளீச்சிங் பவுடரை நீரில் நன்கு கலக்கித் தெளியவிட்டு, தெளிநீரையே கொள்ளவேண்டும். வெளுக்கும் சக்தி அதிற் கரைந்திருக்கிறது. அவசரத்திற் கலங்கலையே ஊற்றினால், கரையாத துகள்கள் இழையில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் நூலை இற்றுப்போகச் செய்யும். பின்னர்த் தறியில் இழை அறுந்து வருந்துவதிற் பயனில்லை.

விவசாயிகள் பூஞ்சண நோய்களுக்குத் தெளிக்கும் போர்டோக் கலவையிலோ நிலைமை நேர்மாறானது. 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பும் 100 லிட்டர் நீரிற் சேரும்போது உண்டாகும் நீலநிற நுண்துகளே மருந்து. அது அடியில் தங்கிவிட்டால், மேலுள்ள தெளிநீரைத் தெளிப்பது வெறும் நீரைத் தெளிப்பதற்கு ஒப்பாகும். எனவே கலவையைக் கலக்கிக்கொண்டே, செய்த அன்றே தெளிக்கவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் தாமிரம் நீரிற் கரைந்து நின்று இலைகளைக் கருக்கும். துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்க்க. செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புப்பால் சேர்க்கவேண்டும்.

ஆகவே தெளிநீர் என்பது திரவம் நிற்கும் நிலையைக் குறிக்கும் சொல்லேயன்றி, கொள்ளத்தக்கது என்றோ தள்ளத்தக்கது என்றோ கூறும் சொல்லன்று. நமக்கு வேண்டிய பொருள் கரைந்து மேலே நிற்கிறதா, கரையாது அடியிலே தங்குகிறதா என்று முதலில் வினவுக. அதன் பின்னரே இறுப்பதோ கலக்குவதோ செய்க.