குயின்ஸ்டவுனும் எங்கள் வளவும்

எங்கள் கிழக்கு ஊர்களில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் இன்னொன்றைக் கட்டி வாப்பாவும் உம்மாவும் ஒதுங்குவார்கள். எங்கள் வளவில் இப்போது நான்கு வீடுகள். ஐந்தாவதுக்கு நிலமில்லை. மேலால கட்டுவோம் என்றால், “மேல ஏறிப் போனா நான் ஆரோட மகன் கதைக்கிற?” என்று கேட்கிறா உம்மா.

அந்தக் கேள்வியோடுதான் சென்ற டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரின் குயின்ஸ்டவுனைப் பார்த்தேன். அந்நாட்டின் முதலாவது துணைநகரம் அது. 1960 இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதன்முதல் கட்டி முடித்த ஏழுமாடித் தொடர்கள் ஸ்டெர்லிங் வீதியில் இன்னும் நிற்கின்றன. அதே வீதியில்தான் முஜாஹிதீன் பள்ளிவாசலும். தொழிலாளரின் மாதச் சம்பளத்தில் சிறுதொகை பிடித்துச் சேர்த்த நிதியில் 1977 இல் எழுந்தது.

இத்தகைய பழைய குடியிருப்புக்குள் 47 மாடியை எப்படி நுழைப்பது? டோசன் பகுதியில் 2015 இல் முடிந்த ‘ஸ்கைவில்’லை வரைந்த வோஹா நிறுவனத்தார், பழைய சுவரையோ கூரையையோ பாவனை செய்யவில்லை. அயலின் அளவைத்தான் எடுத்தார்கள். மொத்தம் 960 வீடுகள். அவற்றை எண்பது எண்பதாகப் பிரித்து, 12 ‘வான்கிராமங்கள்’ ஆக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் காற்றோட்டமான ஒரு பொதுமுற்றம், தோட்டம். எண்பது வீடு என்றால் முகம் தெரியும், ஸலாம் சொல்லலாம். 960 என்றால் லிஃப்டுக்குள் எல்லாரும் அந்நியர்தான்.

பக்கத்திலுள்ள ‘ஸ்கைடெரஸ்’ என்னை இன்னும் இழுத்தது. அங்கே சில வீடுகளைச் சோடியாக அமைத்திருக்கிறார்கள்: பிள்ளைகளுக்குப் பெரிய வீடு, பெற்றோருக்குச் சின்ன வீடு, இடையில் ஒரு கதவு. நமது வளவு முறைதான், மாடியில். உம்மாவிடம் சொன்னேன். “கதவுக்குப் பூட்டு எந்தப் பக்கம்?” என்றா.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இவை வாடகை வீடுகள் அல்ல. அரசு மானிய விலையில் 99 வருடக் குத்தகைக்கு விற்றவை. ஐந்து வருடம் இருந்தபின் விற்கலாம். டோசனின் சில வீடுகள் பத்து லட்சம் டொலருக்கு மேல் கைமாறின. முதலாவதாக வாங்கியவருக்குத்தான் அது மலிவு வீடு. 2021 இல்தான், நகரின் நல்ல இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குப் பத்து வருடக் கட்டாயக் குடியிருப்பும், விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியை மீளப் பெறுவதும் விதியாயின. நாமும் தொடர்மாடி கட்டத் தொடங்கிவிட்டோம். படம் வரையும்போதே இதைப் பேசிக்கொள்வது நல்லது.

எங்கள் வளவில் அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது. படியை எங்கே வைப்பதென்று மேசன் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் வைத்தால் செலவு குறைவாம். உம்மாவின் விறாந்தைக்கு முன்னாலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.