மர நிழலில் வளரும் கண்

சென்னையில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மால், அல்லது நன்றாக இருட்டிய பிறகு பெசன்ட் நகர் கடற்கரை. இரண்டிலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் வளரும் கண்ணுக்கு மிகவும் தேவையான பகல் வெளிச்சம் இரண்டிலும் கிடைப்பதில்லை.

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர வளர நீண்டு, சுமார் 24 மில்லிமீட்டரில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையைத் தொடுவதற்கு முன்பே குவிந்துவிடும். கரும்பலகை எழுத்து மங்கும். இதுதான் கிட்டப்பார்வை. அந்த ஒரு மில்லிமீட்டருக்கே மைனஸ் இரண்டரை, மூன்று என்று பவர் ஏறிவிடும். நீண்ட கண் மறுபடி பழைய அளவுக்கு வராது. பவர் மிகவும் கூடிவிட்டால், பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயமும் சேர்ந்தே கூடுகிறது.

கண்ணின் வளர்ச்சியை அளவோடு நிறுத்துவதில் வெளிச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிரகாசமான ஒளி படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அதிகம் சுரக்கிறது. அது கண் மேலும் நீளாமல் தடுக்கிறது. கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து கிடைத்த இந்த விளக்கத்தைத்தான் ஆய்வாளர்களில் பலர் இன்று ஏற்கிறார்கள்.

‘சதா புத்தகமும் கையுமாக இருந்தால் கண் கெட்டுப்போகும்’ என்று வீடுகளில் சொல்வதுண்டு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை யோசிக்க வைத்தது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6, 7 வயதுக்காரர்களை, ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. இத்தனைக்கும் வாரத்தில் அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகள்! பெரிய வித்தியாசம் வெளியே கழித்த நேரத்தில் இருந்தது: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிட வெளிவகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே போன பிள்ளைகளில் அது 30.4 சதவீதம். பள்ளியில் கூடுதலாகச் செய்தது ஒரே ஒரு பீரியட் வெளியில் இருந்ததுதான்! நம் நாட்டில், டெல்லியில் 5 முதல் 15 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்விலும், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடியவர்களுக்குப் பாதிப்பு குறைவு என்று தெரிந்தது.

‘இந்த ஊர் வெயிலில் இரண்டு மணி நேரமா?’ என்று எந்த அம்மாவும் கேட்பார். நல்ல செய்தி, வெயிலில் நிற்க வேண்டியதே இல்லை. வகுப்பறையில் வெளிச்சம் 300, 500 லக்ஸ் அளவில் இருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். பகலில் மரத்தடி நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். கண்ணுக்கு அது போதும். பூங்கா விளக்கடியிலோ பெரும்பாலும் சில பத்து லக்ஸ்தான். இரவு ஏழு மணிக்குச் சறுக்குமரம் ஏறுவது உடம்புக்கு நல்லது, கண்ணுக்குக் கணக்கில் வராது.

ஆகவே காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள், அல்லது மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்புங்கள். நண்பகலுக்குப் பிறகு கடல் காற்று பெரும்பாலும் கரையோரப் பகுதிகளைத்தான் முதலில் எட்டும் என்பதால், மயிலாப்பூர், அடையாறு பக்கம் மாலை சீக்கிரமே தணியும். லஸ் அருகே நாகேஸ்வரராவ் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, உங்கள் தெருமுனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம், எதுவானாலும் சரி. குடிதண்ணீர் மறக்க வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

போன இடத்தில் போனைக் கையில் கொடுக்காமல் இருந்தால், பார்க்க எத்தனையோ உண்டு. மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்துபோலத் தொங்கும் முசுறு எறும்புக் கூட்டைக் காட்டுங்கள். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலி கோத்து, ஒரு கூட்டம் இரண்டு இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொரு கூட்டம் தங்கள் புழுக்களையே வாயில் ஏந்தி வந்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டிழையால் விளிம்புகளைத் தைக்கும். கைநீளம் தள்ளி நின்றே பார்க்கலாம், தொட்டால் கடித்துவிடும். சற்று நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினால், சிறகசைக்காமல் வட்டமடிக்கும் பருந்து. நான்கு சுவருக்குள் கண்ணுக்கு இந்தத் தூரம் எங்கே வாய்க்கிறது?

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு வெளியே விளையாடினால் பவர் குறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். வெளிச்சத்தின் பலன் முக்கியமாக வருமுன் காப்பதில்தான். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற, டிவிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிற பிள்ளையைத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றைப் பள்ளிகளிடம் அழுத்தமாகவே கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. குவாங்சோவில் பிள்ளைகளின் கண்ணைக் காத்தது அதே 40 நிமிடம்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிக் கேட்கும் முன், ‘பி.டி. பீரியட் தவறாமல் நடக்கிறதா, மரத்தடியில் நடக்கிறதா?’ என்று கேளுங்கள்.