பீடி சுற்றிய கை தொகுத்த அகராதி

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் தலச்சேரித் தொழிலாளி ஞாற்றியேல ஸ்ரீதரன். நான்கு தென்னக மொழிகளையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவர அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அகராதி தொகுப்பது தனியாளின் வேலை அல்ல என்பது பொதுவான எண்ணம். அதில் நியாயமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, பண்டிதர்களின் குழு இருந்தது, அரசின் பணம் இருந்தது.

வட கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்த ஞாற்றியேல ஸ்ரீதரனுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பட்டம் இல்லை, பதவி இல்லை, மானியமும் இல்லை. படித்தது நான்காம் வகுப்பு. பார்த்த முதல் வேலை பீடி சுற்றுவது. ஆனால் 2020-ல் அவர் பெயரைத் தாங்கி ஒரு தடித்த நூல் வெளிவந்தது. மலையாளச் சொற்களுக்குக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் என்ன சொல்வார்கள் என்று எடுத்துக்காட்டும் அந்த அகராதியில் உள்ள சொற்கள் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். பக்கங்கள் 900-த்தைத் தாண்டும். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்.

பள்ளியில் கிடைக்காதது பீடிக் கம்பெனியில் கிடைத்தது என்று சொன்னால் கேரளத்துக்கு வெளியே இருப்பவர்கள் சிரிக்கக்கூடும். கண்ணூர், தலச்சேரிப் பக்கத்துக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும், வரிசையாக உட்கார்ந்த தொழிலாளர்கள் - இவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் பீடி சுற்றாமல் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருப்பார். நாளிதழ் முடிந்தால் வார இதழ், அதுவும் முடிந்தால் நாவல். படிப்பவருக்கு அன்றைய கூலி போய்விடக்கூடாதே என்று மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து பீடிகளைக் கொடுத்து ஈடுசெய்வார்கள். கைக்கு வேலை, காதுக்குப் பாடம். மலபாரின் பல அரசியல் தலைவர்களும் நூலகங்களும் இந்தக் கூடங்களிலிருந்து வந்தது தற்செயல் அல்ல.

அந்த உலகம் பின்னாளில் தன் சொந்தக் காலில் நின்று காட்டியது. பீடித் தொழிலாளர்களின் வேலை நிலைமைகளை முறைப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரளம் நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், மங்களூரைச் சேர்ந்த பெரிய கம்பெனிகள் 1968-ல் கடையைக் கட்டின. சுமார் 12,000 பேர் ஒரே அடியாகத் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. முதலாளி இல்லாமல் தொழில் நடத்த முடியுமா என்ற கேள்விக்குத் தொழிலாளர்கள் தந்த பதில் அது. படிப்பாளிகள் இல்லாமல் அகராதி எழுத முடியுமா என்ற கேள்விக்கு அதே மண்ணிலிருந்து வந்த பதில் ஸ்ரீதரன்.

பீடி சுற்றிக்கொண்டே அவர் எட்டாம் வகுப்புக்கான பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அது பொதுப்பணித் துறையில் ஒரு வேலையைப் பெற்றுத் தந்தது. இடையில் பாலக்காட்டில் இருந்த நாட்களில் தமிழ் காதில் விழுந்தது. அங்கே கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து புழங்கும். பலருக்கு அது காதோடு போய்விடுகிற விஷயம். இவருக்கு அது ஆர்வமாக மாறியது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார், பிறகு இலக்கியம் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தார். முதலில் உருவானது தமிழ்-மலையாள அகராதி ஒன்று. அதோடு நிறுத்தியிருந்தாலே ஒரு வாழ்நாளுக்குப் போதும்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் உண்டு. திராவிட மொழிகளில் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் அடுத்த வீட்டுச் சொல்லும் கூடவே வரும். தமிழனுக்கும் மலையாளிக்கும் 'பால்', தெலுங்கருக்குப் 'பாலு', கன்னடத்தில் 'ஹாலு'. 'புலி' அங்கே 'ஹுலி', 'பத்து' அங்கே 'ஹத்து'. குடியிருக்கும் இடத்தைத் தமிழரும் மலையாளிகளும் 'வீடு' என்கிறார்கள், தெலுங்கர் 'இல்லு' என்கிறார்கள், கன்னடர் 'மனெ' என்கிறார்கள். பார்த்தால் மூன்று வேறு சொற்கள். ஆனால் இல்லும் மனையும் தமிழ் இலக்கியம் படித்தவருக்குத் தெரியாதவையா என்ன?

ஒன்றுபோல் தோன்றிக் காலை வாருகிற சொற்களும் இருக்கின்றன. மலையாளியிடம் 'வெள்ளம்' கேட்டால் குடிதண்ணீர் வரும். தமிழரும் கன்னடரும் 'அவசரம்' என்றால் பரபரப்பு. தெலுங்கருக்கு அது தேவை. மலையாளிக்கோ வாய்ப்பு. வேலை தேடி எல்லை தாண்டிப் போகிற ஒரு மேஸ்திரியும் மருத்துவமனை நர்ஸும் இந்தக் குழியில் விழாத நாள் இருக்காது.

இதற்கு உதவ நேரடி நூல்கள் அதிகம் இல்லை என்பதுதான் வேடிக்கை. தென் மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஆங்கிலத்தின் வழியாகவே கதவைத் தட்டிக்கொள்ளும் பழக்கம் அகராதிகளிலும் தொடர்கிறது. மலையாளியான ஒருவர் தெலுங்குச் சொல்லின் பொருளை அறிய முதலில் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். படிக்காதவருக்கு அந்தக் கதவு சாத்தியதுதான். ஸ்ரீதரன் தட்டியது அந்தக் கதவை.

1994-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நாளின் பெரும்பகுதி இதற்கே போனது. வீட்டில் ஒரு அறை, மேசை, எங்கும் புத்தகங்களும் கையெழுத்துத் தாள்களும். பொருத்தமான சொல் கிடைக்காவிட்டால் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர்களிடமே கேட்பது அவர் வழக்கம். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் என்று பயணங்கள் நீண்டன. தெலுங்குதான் அதிகம் சோதித்தது. மற்ற இரண்டைவிட மலையாளத்துக்கு அது தூரத்து உறவு. ஆண்டுகள் ஓடின, கம்ப்யூட்டர் வந்தது, அகராதிகள் தொலைபேசிக்குள் புகுந்தன. அவர் கையால் எழுதிக்கொண்டே இருந்தார்.

எழுதி முடிப்பதைவிட அச்சிடுவது கடினமாக இருந்தது. பதிப்பகங்கள் கையை விரித்தன. 900 பக்கத்துக்கு மேல் போகிற நூல், நான்கு மொழிகளின் எழுத்து, பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லாத ஆசிரியர் - கணக்குப் போட்டுப் பார்க்கிற எந்தப் பதிப்பாளரும் தயங்கத்தான் செய்வார். கால் நூற்றாண்டு உழைப்பு கையெழுத்துப் பிரதியாகவே செல்லரித்துப் போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இந்திய மொழிகளில் அப்படிப் போன பிரதிகள் ஏராளம்.

அதைத் தடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, கேரளத்து மூத்த குடிமக்களின் அமைப்பு ஒன்று. ஓய்வுபெற்றவர்களும் வயதானவர்களும் சேர்ந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நூலைப் பொதுச் சொத்தாக்கினார்கள். விலை 1,500 ரூபாய். இளம் இயக்குநர் நந்தன் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2021-ல் வெளியானது. தலச்சேரிக்கு வெளியேயும் அவர் பெயர் பரவியது.

தலச்சேரிக்கு அகராதி புதிதல்ல. ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன் குண்டர்ட் 1839 முதல் இருபது ஆண்டுகள் அங்குள்ள இல்லிக்குன்றில் வாழ்ந்தார். அவருடைய மலையாள-ஆங்கில அகராதி 1872-ல் வெளிவந்தது. அறிஞர் உலகுக்கு டி. பரோவும் எம். பி. எமனோவும் தந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-லும், திருத்திய பதிப்பு 1984-லும் வந்தன. இரண்டும் மலைபோன்ற சாதனைகள்தான். ஆனால் குண்டர்ட் ஆங்கிலம் தெரிந்தவருக்கு எழுதினார். பரோவும் எமனோவும் சொல்லின் வேரைத் தேடினார்கள். அவர்கள் நூலில் திராவிடச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும், பொருள் ஆங்கிலத்தில் இருக்கும். பக்கத்து மாநிலத்தான் பேசுவது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பும் சாதாரண மனிதர் அதைத் திறந்தால் மூடிவிடுவார்.

தனி ஒருவரின் தொகுப்புக்கு உரிய வரம்புகள் ஸ்ரீதரன் நூலுக்கும் இருக்கும். ஒவ்வொரு மொழியிலும் எத்தனையோ வட்டார வழக்குகள், எத்தனையோ நிழல்பொருள்கள். எல்லாவற்றையும் ஒரு ஜோடிக் கண்கள் சரிபார்க்க முடியாது. மொழியியல் துறைகள் இதைக் குறையாகச் சுட்டலாம். அப்படிச் சுட்டுகிறவர்களிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. தென் மாநிலங்களில் மொழிக்கென்று பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இருந்தும், இந்த வேலை ஏன் ஒரு பீடித் தொழிலாளியின் மேசைக்கு வந்து சேர்ந்தது?

நதிநீருக்கும் எல்லைக்கும் சண்டையிடும் நேரங்களில் தென் மாநிலங்களின் உறவு பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. மேடை ஏறாத ஒருவர் அந்த உறவுக்கு வரிசையாகச் சாட்சி எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான்கு மொழிகளும் அடுத்தடுத்து இருக்கும். திருத்த வேண்டியதைத் திருத்தி, விட்டதைச் சேர்த்து அடுத்த பதிப்பைக் கொண்டுவருவது இனி நிறுவனங்களின் கடமை. அடித்தளத்தை அவர் போட்டுவிட்டார்.