பல்லாண்டு வாழும் மலைப்பட்டாணி

பட்டாணியானது விதைத்துக் காய்த்துச் சில மாதங்களில் மடியும் பயிர் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். துவரையைப்போல் அறுத்தபின் அடியிலிருந்து துளிர்த்து மறுபோகம் கொடுக்கும் குணம் அதற்கில்லை. ஆயினும் அதற்கு நெருங்கிய உறவினதாகிய செடியொன்று பல்லாண்டு உயிர் வாழ்கின்றது. காகஸஸ் மலைநாடுகள், துருக்கி, ஈரான் முதலிய இடங்களில், ஏறக்குறைய 1,500 முதல் 3,500 மீட்டர் உயரத்தில், சரிந்து விழும் கற்குவியல்களே அதன் இருப்பிடம். குளிர்காலத்தில் மேற்பாகம் கருகினும், கற்களினூடே பரவியுள்ள அடித்தண்டு மறுபடியும் தளிர்விடும்.

இதனை 1812ல் முதன்முதலாக வர்ணித்தவர் ஸ்டீவன் என்னும் தாவர சாஸ்திரி. 'அழகியது' எனப் பொருள்படும் பெயரையும் அவரே இட்டார். பின்வந்தோர் அதனைப் பட்டாணிக் குலத்தில் சேர்த்தனர். 1939ல் பெடரோவ் என்பவர் தனிக்குலமாகப் பிரித்து, 'வாவிலோவியா' என்று பெயரிட்டார். பயிர்களின் பூர்வீகத்தைத் தேடி உலகின் பல பாகங்களிலும் விதை சேகரித்த ருஷிய விஞ்ஞானி வாவிலோவைக் கௌரவிக்கும் பொருட்டு இட்ட பெயர் அது. மறுவருஷமே வாவிலோவ் கைது செய்யப்பட்டார். 1943 ஜனவரியில் ஸாரடோவ் நகரச் சிறையில் உயிர் நீத்தார். 1955ல் தான் அவர் குற்றமற்றவரென அரசாங்கத்தாரால் ஒப்புக்கொள்ளப்பட்டார்.

பெயர் வழக்கோ இன்னும் தீர்ந்தபாடில்லை. பரம்பரைக் கூறுகளை நுணுகிப் பார்த்த பிற்கால ஆராய்ச்சிகள், இது பட்டாணிக்கு மிக அருகிலுள்ளதென்று காட்டின. ஆதலால் சிலர் பழையபடி பட்டாணியோடு சேர்க்கின்றனர்; வேறு சிலர் பட்டாணியையும் இதனையும் ஒருங்கே, கேசரிப் பருப்பு அடங்கிய லாதிரஸ் குலத்தில் வைக்கின்றனர். சாகுபடி செய்வோருக்கு இச்சச்சரவினால் ஆவதொன்றுமில்லை.

பயனுள்ள கேள்வி வேறு. பல்லாண்டு வாழும் குணத்தையும் குளிரைத் தாங்கும் வன்மையையும் வயல் பட்டாணிக்கு ஊட்டக் கூடுமா என்பதே அது. இரண்டிலும் பரம்பரை இழைகள் பதினான்கே. ஆயினும் கலப்பு எளிதில் அமையவில்லை. வயலுக்கேற்ற பட்டாணி ஒன்றும் அதனின்று இதுகாறும் பிறக்கவில்லை. மலையினின்று தாழ்ந்த நிலத்திற்குக் கொணர்ந்த செடிகளை வளர்ப்பதும் அரிதாயிற்று. விதைத்தோல் கடினமானதாகையால், தேய்த்தோ கீறியோ விதைத்தாலன்றி முளைப்பது தாமதம். ஆராய்ச்சிச் சாலைகளில் சிறு துண்டுகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பெருக்கவும் முயன்றுள்ளனர்.

இதற்கிடையில் மலைமேலுள்ள செடிகள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி நிற்கின்றன. ஆர்மீனிய தேசத்தார் இதனை அழியும் நிலையிலுள்ள தாவரங்களின் செம்புத்தகத்தில் சேர்த்துள்ளனர். மேய்ச்சலுக்கு ஏறும் ஆடுமாடுகள் அப்புத்தகத்தை அறியா. காய்ப்பதற்கு முன்னரே தளிரைக் கடித்துவிட்டால் அவ்வருஷத்து விதை போயிற்று. ஆகவே விதை சேகரிக்க மலையேறுவோர், மந்தைக்கு எட்டாத கற்சரிவுகளிலேயே அதனைத் தேடவேண்டியிருக்கின்றது.